ப்ராசசரும் மதர்போர்டும் ஒத்துப்போகுமா? வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

தெரிந்தவர்களுக்குக் கணினி அசெம்பிள் செய்து கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து என்னிடம் இதே சந்தேகங்களைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வருத்தம் என்னவென்றால், பாதிப் பேர் ப்ராசசரை வாங்கி, டப்பாவைப் பிரித்த பிறகுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்பே படிக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

1. என் கம்ப்யூட்டர்ல என்ன மதர்போர்டு இருக்குன்னே தெரியாது. எப்படிக் கண்டுபிடிக்கறது?

கணினி ஓடுகிறது என்றால் கேபினெட்டைத் திறக்கவே வேண்டாம். விண்டோஸ் விசையை அழுத்தியபடி ஆர் எழுத்தைத் தட்டுங்கள். வரும் சின்னப் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்பதை ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டினால் ஒரு பட்டியல் திறக்கும். அதில் பேஸ்போர்டு ப்ராடக்ட் என்ற வரியில் போர்டின் மாடலும், பயாஸ் வெர்ஷன் என்ற வரியில் இப்போதுள்ள பயாஸின் (கணினியை எழுப்பும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) எண்ணும் தேதியும் இருக்கும். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டுமே தேவைப்படும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளும் இதே விவரங்களைக் காட்டும்.

கணினி ஓடவில்லை என்றால் பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மாடல் பெயர் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். சில போர்டுகளில் ஏதாவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் 1.0, 1.1, 2.0 என்று ரிவிஷன் எண்ணும் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். ஒரே மாடலின் இரண்டு ரிவிஷன்களுக்குத் தனித்தனி பயாஸ் கோப்புகள் இருப்பது சகஜம்.

2. சாக்கெட், சாக்கெட்னு சொல்றாங்களே, அது என்ன?

ப்ராசசர் உட்காரும் இடம். இன்டெலில் எல்ஜிஏ 1151, 1200, 1700 என்று வரும் எண், ப்ராசசரின் அடியில் எத்தனை தொடுபுள்ளிகள் என்பதைச் சொல்கிறது. இந்த வகையில் மெல்லிய பின்கள் போர்டில் இருக்கும், ப்ராசசரின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 இதற்கு நேர்மாறு: 1331 பின்கள் ப்ராசசரிலேயே இருக்கும். 2022-இல் வந்த ஏஎம்5-இல் ஏஎம்டியும் பின்களைப் போர்டுக்கு மாற்றிவிட்டது, அதில் 1718 தொடுபுள்ளிகள்.

சாக்கெட் வேறு என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஏஎம்4 ப்ராசசரை ஏஎம்5 போர்டில் எந்த வித்தை செய்தும் உட்கார வைக்க முடியாது.

3. ரெண்டும் ஒரே சாக்கெட்தான். அப்புறம் என்ன பிரச்சினை?

இந்த நம்பிக்கையால்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு நண்பரிடம் எச்110 சிப்செட் (போர்டில் ப்ராசசருக்குத் துணையாக இருக்கும் சிப்) போர்டு இருந்தது, எல்ஜிஏ 1151. பழைய ப்ராசசருக்குப் பதிலாக இன்டெலின் 8-ஆம் தலைமுறை ஐ5-8400 போடலாம் என்று நான்தான் சொன்னேன். அதுவும் 1151 தானே என்ற தைரியம். ப்ராசசர் அழகாக உட்கார்ந்தது, கொக்கி மூடியது, ஃபேன் சுற்றியது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. ரேமைக் கழற்றித் துடைத்தேன், ஸ்லாட் மாற்றினேன், பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போர்டு தயாரிப்பாளரின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அது 7-ஆம் தலைமுறையோடு நின்றிருந்தது.

நடந்தது இதுதான். 2015-இல் வந்த 6-ஆம் தலைமுறையும் 2017 தொடக்கத்தில் வந்த 7-ஆம் தலைமுறையும் 100, 200 வரிசை சிப்செட்டுகளுக்கானவை. 2017 கடைசியில் வந்த 8-ஆம் தலைமுறைக்கும் அடுத்த 9-ஆம் தலைமுறைக்கும் 300 வரிசை வேண்டும். எண்ணிக்கை அதே 1151 தான், ஆனால் எந்தப் பின் எந்த வேலைக்கு என்பதை இன்டெல் மாற்றிவிட்டது. கூடுதல் கோர்களுக்காக (ப்ராசசருக்குள் வேலையைச் செய்யும் பகுதிகள்) அதிகப் பின்கள் மின்சாரத்துக்குப் போயின. கையால் பார்த்தால் பொருந்தும், மின்சாரக் கணக்கில் பொருந்தாது.

எல்ஜிஏ 1200-இலும் இப்படி ஒரு இடறல் உண்டு. 10, 11 இரண்டு தலைமுறைகளும் அதே சாக்கெட்தான். ஆனால் எச்410, பி460 போர்டுகள் பொதுவாக 11-ஆம் தலைமுறையை ஏற்காது. அதே காலத்தில் வந்த எச்470, இசட்490 போர்டுகள் பயாஸ் அப்டேட்டோடு ஏற்கும்.

4. அப்போ எதை நம்பி வாங்கறது?

போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில், உங்கள் மாடலுக்கான பக்கத்தில், சிபியு சப்போர்ட் என்று ஒரு பட்டியல் இருக்கும். தீர்ப்பு சொல்வது அது ஒன்றுதான். கடைக்காரர் சொல்வது, காணொளியில் கேட்டது, விற்பனைப் பக்கத்தில் போட்டிருப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பட்டியலைப் படிக்கும்போது அவசரம் கூடாது. ஏஎம்டியின் ரைசன் 5 5600, 5600எக்ஸ், 5600ஜி என்று மூன்று தனி வரிகள் இருக்கும். 5600ஜி வேறு வடிவமைப்பில் வந்த சிப், அதற்குத் தேவைப்படும் பயாஸ் வெர்ஷன் மற்ற இரண்டிலிருந்து மாறலாம். ஆகவே கடைசி எழுத்து வரை ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியே அந்த வரியின் கடைசிக் கட்டத்தையும் பாருங்கள். எந்த பயாஸ் வெர்ஷனிலிருந்து வேலை செய்யும் என்று அங்கே இருக்கும். முதல் கேள்வியில் எழுதி வைக்கச் சொன்ன எண் அதைவிடப் பழையதா, புதியதா? பழையது என்றால் ஆறாவது கேள்விக்குப் போங்கள்.

5. பி450, பி550, எச்610, இசட்790... இந்த எழுத்தும் நம்பரும் எதுக்கு?

அது சிப்செட்டின் பெயர். இன்டெலில் பொதுவாக எச் எளியது, பி நடுத்தரம், இசட் மேல்தட்டு. ஏஎம்டியில் ஏ, பி, எக்ஸ். எண் எந்தக் காலத்துப் போர்டு என்பதைச் சொல்லும்.

புது போர்டு என்றால் பழைய ப்ராசசர் எல்லாம் ஓடும் என்று நினைக்காதீர்கள். ஏஎம்4-இல் பி450 போர்டு, சரியான பயாஸ் இருந்தால், ரைசன் 1000-லிருந்து 5000 வரை வாங்கிக்கொள்ளும். அதைவிடப் புதிய பி550-க்கு ரைசன் 1000, 2000 வரிசை ப்ராசசர்கள் அதிகாரப்பூர்வமாகக் கிடையாது. இன்னொரு பக்கம், 2017-இல் வந்த பி350, எக்ஸ்370, ஏ320 போர்டுகளுக்கு ரைசன் 5000 ஆதரவு 2022-இல் பயாஸ் வழியாக வந்தது. ஐந்து வருடப் பழைய போர்டுக்கு இப்படி ஒரு மறுவாழ்வு கிடைத்தது எனக்கு இன்றும் சந்தோஷமான விஷயம். ஆனால் எல்லாப் போர்டுக்கும் வந்ததா என்றால், நாலாவது பதிலில் சொன்ன பட்டியல்தான் பதில்.

6. பயாஸ் அப்டேட் பண்ணணும்னு பட்டியல்ல இருக்கு. போர்டு செத்துப்போயிடுமோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானதுதான். பாதியில் மின்சாரம் போனால் போர்டு எழுந்திருக்காமல் போகலாம். ஆனால் நிதானமாகச் செய்தால் பத்து நிமிட வேலை. முக்கியமான விதி ஒன்று: பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே அப்டேட் செய்துவிடுங்கள். புதியதை மாட்டிவிட்டால் திரையே வராது, அப்புறம் எதை வைத்து அப்டேட் செய்வது?

கோப்பை உங்கள் மாடலின் பக்கத்திலிருந்தே இறக்குங்கள், ரிவிஷனும் சரியாக இருக்க வேண்டும். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் அப்டேட் வசதி வழியாகவே ஏற்றுங்கள். யுபிஎஸ் இருந்தால் அதில் செருகிக்கொள்ளுங்கள். பீட்டா (சோதனை நிலை) என்று போட்டிருக்கும் வெர்ஷனை, வேறு வழி இருந்தால், தொடாதீர்கள். சில பழைய போர்டுகளில் நேராகக் கடைசி வெர்ஷனுக்குத் தாவ முடியாது, நடுவில் ஒரு வெர்ஷனை முதலில் ஏற்ற வேண்டும். கோப்புக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பில் அது எழுதியிருக்கும்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உங்கள் விண்டோஸில் கோப்புகளைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் மீட்புச் சாவியான 48 இலக்க எண்ணைத் தனியாக எடுத்து வையுங்கள். பயாஸோ ப்ராசசரோ மாறியதும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கலாம். இல்லையென்றால் கணினி நன்றாக இருக்கும், கோப்புகள் பூட்டிக்கிடக்கும்.

7. பழைய ப்ராசசரை வித்துட்டேன். இப்போ பயாஸ் எப்படி அப்டேட் பண்றது?

போர்டின் பின்பக்கம் பாருங்கள். பயாஸ் ஃப்ளாஷ்பேக், ஃப்ளாஷ் பயாஸ், க்யூ-ஃப்ளாஷ் ப்ளஸ் என்று ஏதாவது ஒரு பெயரில் சின்ன பொத்தான் இருந்தால் பிழைத்தீர்கள். ப்ராசசர், ரேம் எதுவும் இல்லாமல், பவர் சப்ளை மட்டும் கொடுத்து அப்டேட் செய்யலாம். கோப்புக்குப் போர்டு கேட்கும் பெயரையே வைக்க வேண்டும், குறித்துவைத்த யுஎஸ்பி துளையில்தான் செருக வேண்டும். விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், தானாக நிற்கும் வரை கை வைக்காதீர்கள்.

பொத்தான் இல்லையென்றால், அந்தப் போர்டு ஏற்கும் ஒரு பழைய ப்ராசசரை யாரிடமாவது அரை மணி நேரம் கடன் வாங்க வேண்டும். அல்லது கடையில் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். இதற்கு நேரெதிர் சிக்கலும் ஒன்று உண்டு. பழைய ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 எம்பி தான். புதிய ப்ராசசர்களுக்கு இடம் வேண்டி, சில வெர்ஷன்களில் பழைய ப்ராசசர்களின் ஆதரவை எடுத்துவிட்டார்கள். அப்டேட் செய்தபின் பழைய ப்ராசசர் ஓடாமல் போக வாய்ப்பு உண்டு, குறிப்பைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

8. என்கிட்ட இருக்கற டிடிஆர்4 ரேமே போதுமா?

ஏஎம்4 என்றால் போதும். ஏஎம்5, எல்ஜிஏ 1851 என்றால் முடியாது, இரண்டும் டிடிஆர்5 மட்டுமே. எல்ஜிஏ 1700-இல் (12, 13, 14-ஆம் தலைமுறைகள்) ப்ராசசர் இரண்டையும் ஏற்கும், ஆனால் உங்கள் போர்டில் எந்த வகை ஸ்லாட் இருக்கிறதோ அதுதான் முடிவு. ரேமின் அடியில் உள்ள வெட்டு ஒவ்வொரு தலைமுறையிலும் இடம் மாறியிருக்கும். உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

9. பட்டியல்ல பேர் இருக்கு. ஆனா போர்டு விலை குறைஞ்சது. பெரிய ப்ராசசரைத் தாங்குமா?

ஓடும், ஆனால் முழு வேகத்தில் ஓடுமா என்பது வேறு கேள்வி. ப்ராசசருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கும் விஆர்எம் என்ற பகுதி, சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக இருக்கும். மலிவான போர்டுகளில் அதன்மேல் வெப்பத்தைக் கடத்தும் அலுமினியக் கட்டிகூட இருக்காது. சூடேறினால் அது தன்னைக் காத்துக்கொள்ள ப்ராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும்.

டப்பாவில் போட்டிருக்கும் வாட் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஐ5-12400-இன் அடிப்படை 65 வாட், உச்சம் 117 வாட். ஐ9-12900கே அடிப்படையில் 125, உச்சத்தில் 241. பட்டியலில் பெயர் இருந்தாலும் கே வகை ஐ9-ஐ எச்610 போர்டில் போட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், கொடுத்த காசுக்கு வேகம் கிடைக்காது. தவிர, கே வகையை ஓவர்கிளாக் செய்யத்தான் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டத்தான்) வாங்குகிறீர்கள் என்றால் இன்டெலில் இசட் போர்டு வேண்டும்.

10. பழைய கூலரையே மாட்டலாமா?

இன்டெலில் 1150, 1151, 1155, 1156, 1200 எல்லாவற்றுக்கும் திருகு துளைகளின் இடைவெளி 75 மி.மீ., ஆகவே அவற்றுக்குள் மாற்றிக்கொள்ளலாம். 1700-இல் அது 78 மி.மீ. ஆகிவிட்டது, கூலர் நிறுவனம் தரும் தனி மாட்டும் சட்டம் வேண்டும். 1851-க்கும் அதே அளவுதான். ஏஎம்4 கூலர்களில் பெரும்பாலானவை ஏஎம்5-க்கும் பொருந்தும். போர்டோடு வந்த பின்தகட்டைக் கழற்றி வேறு தகடு போடும் வகைகள் மட்டும் பொருந்தாது.

ஏஎம்4-இல் கூலரைக் கழற்றும்போது மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் வருடக்கணக்கில் காய்ந்து பசை மாதிரி பிடித்திருக்கும். நேராகத் தூக்கினால் கொக்கி பூட்டியிருக்கும்போதே ப்ராசசர் சாக்கெட்டை விட்டுப் பிடுங்கிக்கொண்டு கூலரோடு வந்துவிடும், பின்கள் வளையும். முதலில் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை மேலே தூக்காமல் இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். பேஸ்ட் விடுவது கைக்கே தெரியும், அதற்குப் பிறகு தூக்குங்கள்.

11. எல்லாம் பட்டியல்படி பண்ணிட்டேன். ஃபேன் சுத்துது, திரை வரலை!

முதலில் ப்ராசசரின் பெயரைப் பாருங்கள். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5000 வரை ஜி என்ற எழுத்து இல்லாத டெஸ்க்டாப் ப்ராசசர்களிலும் அநேகமாக இல்லை. இவற்றை வைத்துக்கொண்டு திரையின் கேபிளைப் போர்டில் செருகியிருந்தால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது. கிராபிக்ஸ் கார்டு வேண்டும், கேபிளும் கார்டிலேயே இருக்க வேண்டும்.

அது சரியாக இருந்தால், சாக்கெட்டுக்கு மேலே இடது மூலையில் ப்ராசசருக்கென்று இருக்கும் 4 அல்லது 8 பின் மின் இணைப்பு செருகியிருக்கிறதா என்று பாருங்கள். மறந்துபோவது இதுதான் அதிகம். டிடிஆர்5 போர்டு என்றால் முதல் முறை ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள்கூட எடுக்கும், நடுவில் அணைக்காமல் காத்திருங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் சிமாஸ் கிளியர் செய்து (பயாஸ் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்பி), ஒரே ஒரு ரேமோடு முயலுங்கள்.

12. ஆபீஸ்ல இருந்து வாங்கின பிராண்டட் கம்ப்யூட்டர். அதுல ப்ராசசர் மாத்தலாமா?

இங்கே நாலாவது பதிலில் சொன்ன பட்டியலே பல நேரம் கிடைக்காது. நான் பின்பற்றும் வழி: அதே மாடலை நிறுவனம் எந்தெந்த ப்ராசசர்களோடு விற்றது என்று அதன் விவரக் குறிப்பில் பார்ப்பது. அந்த வட்டத்துக்குள் மாற்றினால் அநேகமாக ஓடும். வெளியே போனால் சூதாட்டம். பயாஸ் புதிய ப்ராசசரை ஏற்காது, பவர் சப்ளையின் இணைப்பு வழக்கமான வடிவில் இருக்காது, குட்டி வகைகளில் 35 வாட் ப்ராசசர்களுக்கு மேல் குளிரூட்ட வழியிருக்காது.

இப்படிப்பட்ட கணினியிலிருந்து கழற்றி விற்கும் ரைசன் ப்ரோ ப்ராசசர்களில் இன்னும் கவனம் தேவை. ஏஎம்டியின் ஒரு பாதுகாப்பு வசதியால், சில நிறுவனங்களின் போர்டில் ஓடிய ப்ராசசர் அந்த நிறுவனத்தோடே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். வேறு போர்டில் போட்டால் உயிர் வராது. பார்வைக்கு எந்த அடையாளமும் இருக்காது.

13. எல்லாம் நல்லா ஓடுது. ஆனா எஸ்எஸ்டி சொன்ன வேகத்துல பாதிதான் வருது. போர்டு பி550 ஆச்சே?

ப்ராசசர் 5600ஜி தானே? எஸ்எஸ்டி செருகும் முதன்மை எம்.2 ஸ்லாட்டின் பாதை நேராக ப்ராசசரிலிருந்து வருகிறது. பி550 போர்டு பிசிஐஇ (தரவு போகும் பாதை) 4.0 தயாராக வைத்திருந்தாலும் 5600ஜி 3.0 வரைதான் பேசும். சாதாரண 5600 போட்டால் 4.0 கிடைக்கும். பி450-இல் எதைப் போட்டாலும் 3.0 தான். பழுது எதுவும் இல்லை, அன்றாட வேலையில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவும் தெரியாது.

14. 13-ஆம் தலைமுறை ஐ7 செகண்ட் ஹேண்டா வருது. என் போர்டு ஏத்துக்கும். வாங்கலாமா?

13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில், குறிப்பாக மேல்தட்டு வகைகளில், மின்னழுத்தம் தேவைக்கு மேல் போய் நாளடைவில் நிலைகுலையும் கோளாறு இருப்பதை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோடு (ப்ராசசருக்குள் இயங்கும் அடிப்படை நிரல்) திருத்தங்கள் பயாஸ் வழியாக வந்தன. திருத்தம் மேற்கொண்டு கெடாமல் காக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரி செய்யாது. ஆகவே உங்கள் போர்டில் முதலில் புதிய பயாஸை ஏற்றுங்கள். ப்ராசசருக்கு வாரண்டி பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள், டப்பாவில் வந்தவற்றுக்கு இன்டெல் 2 வருடம் நீட்டித்திருக்கிறது. வாரண்டி இல்லாத ஒன்றை நான் வாங்க மாட்டேன்.

15. 4-ஆம் தலைமுறை ஐ3 வெச்சிருக்கேன். அதே போர்டுல ஐ7 போட்டா விண்டோஸ் 11 வருமா?

வராது. ஐ7-4790 அந்தப் போர்டில் நன்றாகவே ஓடும், ஆனால் விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தியதோ. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. லினக்ஸ் போட்டுப் புழங்குவதாக இருந்தால் அந்த ஐ7 இன்னும் சில வருடம் உழைக்கும். இல்லையென்றால் அந்தப் பணத்தைப் புது போர்டுக்குச் சேர்த்து வையுங்கள்.

ரைசன் 1000 வைத்திருப்பவர்களின் நிலைமை வேறு. அதே போர்டு, அதே ரேம், ஒரு பயாஸ் அப்டேட், ஒரு ரைசன் 5 5600. விண்டோஸ் 11-ம் வந்துவிடும்.

16. பழைய ப்ராசசரை நேர்ல பார்த்து வாங்கறேன். எதைப் பார்க்கணும்?

ஏஎம்4 என்றால் ப்ராசசரைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, பின்களின் வரிசை வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். நான்கு பக்கமிருந்தும் சந்துகள் நேர்க்கோடாகத் தெரிய வேண்டும். ஒரு பின் சாய்ந்திருந்தாலும் அந்தச் சந்து அடைபட்டுத் தெரியும். இன்டெல் என்றால் ப்ராசசரைவிடப் போர்டின் சாக்கெட்டைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

மேலே உள்ள எழுத்துகளைப் பேஸ்ட் துடைத்துவிட்டுப் படியுங்கள். இன்டெல் கான்ஃபிடென்ஷியல் என்றோ எஞ்சினியரிங் சாம்பிள் என்று பொருள்படும் எழுத்தோ இருந்தால் அது சோதனைக்காகத் தயாரித்தது. எந்தப் போர்டின் பட்டியலிலும் அது இருக்காது. மற்றபடி முழு மாடல் எண்ணையும் அங்கேயே படம் எடுத்து, போனிலேயே உங்கள் போர்டின் பட்டியலைத் திறந்து, வரி கிடைத்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.